பக்கத்து மனையில் ஒரு பள்ளம்

சேலம் சூரமங்கலம் பக்கம் கடைக்கால் பறித்தால் பல இடங்களில் சில அடியிலேயே சரளையோ பாறையோ தட்டுப்பட்டுவிடும். மண்ணுக்குள் மரக்கம்பங்களை அடித்து இறக்கி, அவற்றின் தலைமேல் கட்டடம் எழுப்பும் முறை சேலத்துக்காரருக்கு விநோதமாகப் படலாம். ஆனால் கடலோரக் களிமண்ணில் சவுக்குக் கட்டை இறக்குவதுண்டு. மரக்கம்ப அடித்தளத்துக்கென்றே ஐ.எஸ். 2911 இரண்டாம் பகுதி என்ற இந்தியத் தர விதியும் இருக்கிறது. மரத்தின்மேல் கட்டடமா, மக்கிப் போகாதா என்று கேட்கத் தோன்றும். அப்படிப்பட்ட கட்டடங்களுக்கு நேர்ந்த சில பெரிய சேதங்களைப் பார்த்தாலோ, மரத்தைவிடப் பக்கத்தில் வெட்டிய பள்ளத்தின்மேல்தான் பழி விழுகிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சதுப்பைத் தூர்த்த நிலத்தில், 1877-இல் கட்டி முடிந்தது டிரினிட்டி சர்ச். கீழே சுமார் 4,500 மரக்கம்பங்கள். நடுக்கோபுரத்தின் பாரத்தை அவற்றிடம் சேர்ப்பவை நான்கு கருங்கல் பிரமிடுகள். ஒவ்வொன்றும் அடியில் 35 அடிச் சதுரம். ஏறத்தாழ 90 ஆண்டுகள் சுமந்து நின்ற அந்த ஏற்பாட்டுக்கு, 1960-களின் கடைசியில் தெருவுக்கு எதிர்ப்புறம் ஜான் ஹான்காக் நிறுவனம் 60 மாடிக் கட்டடத்துக்காகத் தோண்டிய பள்ளம் சோதனையாக வந்தது. மண் சரியாமலிருக்க அடித்திருந்த எஃகுத் தகட்டுச் சுவர் உள்ளே பிதுங்கியது. சுவர் நகர்ந்தால் பின்னாலுள்ள மண்ணும் பள்ளத்தை நோக்கி நகரும், தரை தாழும். கம்பமோ செங்குத்துப் பாரத்துக்காக இறக்கியது. பக்கவாட்டு இழுப்பு அதற்குப் பழக்கமில்லை. பள்ளத்தை ஒட்டிய கம்பங்கள் அதிகமாகவும் தள்ளியிருப்பவை குறைவாகவும் அசைய, அந்த வித்தியாசத்தில்தான் மேலே கல்சுவர் விரிகிறது. எல்லாம் ஒரே அளவு இறங்கியிருந்தால் பாதகம் குறைவு. சர்ச் வழக்குப் போட்டது. 1987-இல் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை உறுதி செய்தது.

இன்னொரு சேதம் தண்ணீர் வழியாக வரும். முழுக்க நீரில் மூழ்கிய மரத்தில் பூஞ்சை பிடிக்காது, அதற்குக் காற்று வேண்டும். 1655-இல் திறந்த ஆம்ஸ்டர்டாம் அரண்மனை 13,659 மரக்கம்பங்கள்மேல் இன்றும் நிற்பது அதனால்தான். பள்ளத்தைக் காயவைக்க ராப்பகலாக மோட்டார் ஓட்டினால் அக்கம்பக்கத்து நிலத்தடி நீர் இறங்கும். கம்பத்தின் தலை வெளிப்பட்டு மக்கத் தொடங்கும். நீர் வடிந்த களிமண்ணும் அமுங்கும்போது கம்பத்தைக் கவ்விக்கொண்டு கீழே இழுக்கும். கட்டடத்தின் பாரத்தோடு மண்ணின் பாரமும் கம்பத்தின்மேல்!

நீருக்கடியிலும் சிலவகை பாக்டீரியா பைன் மரத்தை அரிக்குமே என்று நிபுணர்கள் மறுக்கலாம். உண்மைதான், நெதர்லாந்திலேயே அது தெரிந்த சங்கதி. ஆனால் அது பல பத்தாண்டுகளில் நடக்கும் வேலை. 2008-இல் அதே ஆம்ஸ்டர்டாமில், மெட்ரோ நிலையப் பள்ளத்தின் கான்கிரீட் சுவர் இணைப்பில் கசிவு ஏற்பட்டு நீரும் மணலும் பள்ளத்துக்குள் பாய்ந்தன. வெய்சல்கிராக்ட் தெருவில் 17-ஆம் நூற்றாண்டு வீடுகள் சில 23 செ.மீ. வரை இறங்கின. அந்த வேகத்துக்குப் பாக்டீரியாவைக் குற்றம் சொல்ல முடியாது.

பாறைமேல் இருக்கும் நமக்கு இதனால் என்ன என்பது இன்னொரு கேள்வி. மண்சாந்தில் கட்டி ஆழமில்லாத கடைக்காலில் நிற்கும் பழைய வீட்டுக்குக் கம்பமே கிடையாது. பக்கத்து மண்தான் துணை. அந்த வீட்டை ஒட்டி ஜேசிபி வைத்துப் பார்க்கிங் தளத்துக்குத் தோண்டும்போது நடப்பதும் அதே பக்கவாட்டு இழுப்புதான். ஈஸ்மென்ட் சட்டம் என்று வக்கீல்கள் சொல்லும் 1882-ஆம் ஆண்டுச் சட்டம், இயற்கை நிலையிலுள்ள நிலத்துக்குப் பக்கத்து மண்ணின் தாங்கலை உரிமையாகவே தருகிறது. அதன்மேல் எழுப்பிய கட்டடத்தின் பாரத்துக்கு அப்படியில்லை. 20 ஆண்டுகள் தடையின்றித் தாங்கலை அனுபவித்திருக்க வேண்டும். ஆகவே தோண்டுவதற்கு முன்பே இரு தரப்பும் சேர்ந்து சுவர் விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து, கிணற்று நீர்மட்டத்தை அளந்து எழுதிக்கொள்வது நல்லது. அந்த 20 ஆண்டு நிறையாத வீட்டின் சொந்தக்காரருக்கு இது இன்னும் அவசியம். வழக்கென்று வந்தால் தோண்டியவரின் கவனக்குறைவைக் காட்ட அவர் கையில் அந்தப் படங்களும் அளவுகளும்தான் இருக்கும்.