கோமாரியும் குளம்புப் புண்ணும்

மாட்டின் பிளவுபட்ட குளம்பு உண்மையில் அதன் இரு கால்விரல்களேயாம். அவ்விரு விரல்களுக்கும் இடையிலுள்ள மெல்லிய தோலிலேதான் கோமாரி என்னும் கொடிய தொத்து வியாதி தன் அடையாளத்தைக் காட்டுகிறது. கால்காணை, வாய்காணை என்று கூறப்படுவதும் இதுவே.

உழவு மும்முரமாக நடக்கும் நாளில் எருதொன்று நொண்டினால், முள் தைத்ததென்று எண்ணி மறுபடியும் நுகத்தில் பூட்டுவோர் உளர். இது பெருந்தவறு. முதலில் குளம்பிடையைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே தோல் சிவந்து, நீர் கோத்த கொப்புளங்கள் எழுந்து, பின் உடைந்து புண்ணாகியிருக்கும். நாவிலும் ஈற்றிலும் இவ்வாறே காணும், வாயில் எச்சில் நூலாக ஒழுகும், காய்ச்சலும் உண்டு.

இதற்குக் காரணம் வைரஸ் என்னும் நுண்கிருமி. பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்த பின்னரும் கொப்புள நீர் வியாதியை உண்டாக்குவதை 1898-ல் ஜெர்மனியில் லெஃப்லர், ஃபிராஷ் என்னும் இருவர் நிரூபித்தனர். எச்சில், பால், சாணம், மேய்ப்போர் உடை, வண்டிச் சக்கரம், காற்று இவற்றின் வழியே இது பரவும்.

வளர்ந்த மாடுகளில் சாவு குறைவே. ஆனால் பால் வற்றும், எருது நெடுநாள் உழைக்காது. இளங்கன்றுகளுக்கோ இருதயம் தாக்கப்பட்டுத் திடீர் மரணம் நேரும். ஆதலால் நோயுற்ற தாயிடம் கன்றை ஊட்டவிடலாகாது.

வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. நோயுற்ற மாட்டை உடனே பிரித்துக் கட்டி, உலர்ந்த தரையில் நிறுத்துக. புண்களை இளஞ்சிவப்பான பர்மாங்கனேட் நீரால் கழுவி, கால் புண்ணில் ஈ மொய்க்காதபடி வேப்பெண்ணெய் தடவுக. வாய்ப்புண்ணுக்கு கிளிசரினில் குழைத்த போரிக் பொடி உதவும். கஞ்சியும் இளம்புல்லும் கொடுக்கலாம். தொழுவத்தை 100 பங்கு நீரில் 4 பங்கு சலவைச் சோடா கரைத்துக் கழுவுதல் வேண்டும்.

நோய் கண்ட மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவது, ஒருவர் நஷ்டத்தை ஊரார் நஷ்டமாக்குவதாகும். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொத்துநோய்த் தடுப்புச் சட்டப்படி, மாட்டுக்காரர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ தகவல் தருதல் கடமை. அவர்கள் அதைக் கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இதில் ஒரு நாள் தாமதமும் ஊர் மந்தைக்கே ஆபத்து.

வருமுன் காப்பதே மேல். ஓ, ஏ, ஏசியா 1 என்னும் மூவகை வைரஸுக்கும் எதிரான தடுப்பூசி, 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் போடப்படுகிறது. கன்றுக்கு நான்காம் மாதம் முதல் ஊசி. ஒரு மாதங்கழித்து மறு ஊசி. அதன்பின் ஆறு மாதத்திற்கொருமுறை. ஒருவகைக் கோமாரி கண்டு தேறிய மாட்டிற்கும் வேறுவகை தாக்கக்கூடுமாதலால், "முன்பே வந்துவிட்டது" என்று ஊசியைத் தவிர்த்தலாகாது.