காத்திருப்புக்குக் கூலி இல்லை

சென்னைப் புறநகர் பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுத் திரும்பி, பம்மல் தாண்டி அனகாபுத்தூருக்குள் நுழையும் லாரி இரண்டாவது கியரைத் தாண்டுவது அபூர்வம். இரண்டு பக்கமும் கடை, கடைக்கு முன்னால் பைக், பைக்கை ஒட்டி ஷேர் ஆட்டோ. மிச்சமிருக்கிற தாரில்தான் குன்றத்தூர் பஸ்ஸும் டாரஸ் லாரியும் எதிரெதிரே வந்து ஒதுங்கவேண்டும். 2018-இல் மத்திய அரசு எடை வரம்பை உயர்த்திய பிறகு, பத்துச் சக்கர டாரஸ் லோடோடு சேர்ந்து 28.5 டன் வரை வரலாம். அந்த எடை, மிதித்த மாத்திரத்தில் நிற்காது. கேபினுக்குக் கீழே இடப்பக்கம் ஒட்டி வரும் ஸ்கூட்டர் டிரைவர் கண்ணில் படவே படாது. அதனால் கிளீனர் தலையை வெளியே நீட்டி, கதவுத் தகரத்தைத் தட்டிக்கொண்டே வருவார். இப்போது பல வண்டிகளில் கிளீனரே கிடையாது. அந்தச் சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

நெசவுக்குப் பேர்போன ஊர் அனகாபுத்தூர். 2021-இல் பம்மல், பல்லாவரம், செம்பாக்கத்தோடு சேர்ந்து தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது. தெருவுக்குத் தெரு அடுக்குமாடி எழும்புகிறது. அதற்கு எம்-சாண்ட் என்கிற செயற்கை மணல், ஜல்லி, கம்பி, சிமென்ட் எல்லாம் லாரியில்தான் வரவேண்டும். குடிவந்த பிறகு கோடையில் தண்ணீரும் லாரியில்தான். ஏரிகள் வறண்ட 2019-ஐ தென்சென்னைப் புறநகரில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு லோடு தண்ணீருக்கு நாள்கணக்கில் காத்திருந்தோம். வந்த டிரைவரிடம், "ஏண்ணே இவ்வளவு லேட்டு?" என்று கேட்டோமே தவிர, அவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்கவில்லை.

காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் கனரக வண்டிகளை உள்ளே விடுவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகும் சாலையில் அந்தத் தடை வேண்டும். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் தடை போட்டவர்கள், அந்த நேரத்தில் லாரி எங்கே நிற்கும் என்று யோசிக்கவில்லை. தாம்பரத்திலிருந்து புழல் வரை 32 கிலோமீட்டர் போகும் பைபாஸ் அனகாபுத்தூரை ஒட்டித்தான் செல்கிறது. அதன் ஓரத்திலும் சர்வீஸ் ரோட்டிலும்தான் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. ரோந்து வண்டி வந்தால் நகர்த்தச் சொல்வார்கள். நகர்த்தினால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி ஓரங்கட்டவேண்டும். பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும் லாரியில் இரவில் பைக் வந்து மோதினால், அதுவும் டிரைவர் தலையில்தான் விடியும்.

மதிய வெயிலில் நிற்கும் லாரி கேபினுக்குள் ஏறிப் பாருங்கள். இன்ஜின் அணைந்து வெகுநேரம் ஆகியும் காலடியில் சூடு தணியாது. சீட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் படுக்கும் பலகை, மேலே கொடியில் துண்டும் லுங்கியும், டேஷ்போர்டில் சாமி படம், மூலையில் பழைய பெயின்ட் வாளி. குளியலும் முகம் கழுவலும் அந்த வாளியில்தான். கழிப்பறைக்கு முள்ளுக்காடு. புதிதாகத் தயாராகும் சரக்கு லாரிகளில் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் எம்-சாண்ட் அடிக்கும் வண்டிகள் பெரும்பாலும் பழசு, ஏ.சி. அவற்றுக்கு வந்து சேர இன்னும் பல வருஷமாகும்.

இதைவிடக் கனமானது கூலிக் கணக்கு. உள்ளூர் லோடு ஓட்டுபவர்கள் பலருக்கும் நடைக்கு இவ்வளவு, அதோடு படி என்றுதான் பேச்சு. வண்டி ஓடினால் காசு. நெரிசலில் நின்றாலும் தடை நேரத்தில் நின்றாலும் சைட்டில் இறக்க ஆள் வராமல் நின்றாலும் அது அவர் நஷ்டம். காலையில் போன நேரத்தை இரவில் ஓடிப் பிடிக்கவேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் பம்மல் சாலையில் லாரி பறக்கிறது என்று நாம் திட்டுகிறோமே, அந்த வேகம் பகல் முழுக்க அவரைச் சும்மா நிறுத்திவைத்ததில் தொடங்குகிறது.

1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. இரவில் தங்கவேண்டிய இடங்களில் முதலாளி ஓய்வறை தரவேண்டும் என்றும் சொன்னது. ஆனால் ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவரிடம் ஓட்டும் டிரைவருக்கு அதன் நிழல்கூட விழவில்லை. லாரித் தொழிலில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம்.

விபத்து நடந்துவிட்டால் இன்னொரு பயம். உயிர் போன விபத்தில் தகவல் தராமல் ஓடினால் பத்தாண்டு வரை சிறை என்ற, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் பல மாநிலங்களில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். ஜூலையில் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்தப் பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அடிபட்டவரைப் போட்டுவிட்டு ஓடுவதை நான் நியாயப்படுத்தமாட்டேன். நின்றால் கூட்டம் அடிக்கும் என்கிற அவர்கள் பயத்தையும் பொய் என்று தள்ள முடியாது.

தடை நேரத்தில் நிற்க இடம் என்றால், வடக்கே மாதவரத்தில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) கட்டிய லாரி முனையம் இருக்கிறது. குன்றத்தூர், அனகாபுத்தூர், பல்லாவரம் பக்கம் லோடு அடிப்பவர் இளைப்பாற மாதவரம் போகமுடியுமா? பைபாஸ் ஓரத்திலேயே, தடை நேரம் முடியும்வரை இருபது முப்பது வண்டி நிற்க வெளிச்சமுள்ள ஒரு திடல், கழிப்பறை, குடிதண்ணீர் போதும். கூடவே, வீடு கட்டுகிற நாமும் லோடு பேசும்போதே காத்திருக்கும் நேரத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று பேசி, அது டிரைவர் கைக்குப் போகும்படி பில்லில் தனியாக எழுதச் சொல்லலாம்.