போடிமெட்டு ஏறும்போது வேகத்தைப் பார்க்காதீங்க... துடிப்பைப் பாருங்க!

போடியிலிருந்து போடிமெட்டுக்கு சைக்கிளில் ஏறப் போறீங்களா? கம்பம் ரோட்டில் போன அதே வேகத்தை மலைப்பாதையிலும் பிடிச்சா, இதயத்துடிப்பு எகிறிடும். உங்களுக்கான அளவைத் தெரிஞ்சுக்கிட்டுக் கிளம்புங்க.

காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே ஸ்மார்ட் வாட்ச்சில் துடிப்பைப் பாருங்க. 65-னு வெச்சுக்குவோம். வயசு 25 என்றால், 220-லிருந்து கழிக்க 195. இது உத்தேசமான உச்சத்துடிப்பு. அதில் 65 போக மீதி 130. அதன் 60 - 70 சதவிகிதம், 78 - 91. இதோடு மறுபடி 65-ஐக் கூட்டினால் 143 - 156. இதுதான் உங்க பயிற்சி எல்லை. கார்வோனென் கணக்குனு சொல்வாங்க. கூட வர்ற நண்பருக்கு இது வேறயா இருக்கும்!

ஏற்றத்தில் 156-ஐத் தாண்டினா கியரைக் குறைச்சு மெதுவா மிதிங்க. பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினா, வாட்ச் என்ன காட்டினாலும் வேகத்தைக் குறைங்க. நெஞ்சுவலி, தலைச்சுற்றல் வந்தா உடனே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.