மடி கொடுக்க மாமா எங்கே?

தாம்பரம் ரயில் நிலையத்தில் யாராவது "மாமா!" என்று கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்? மதுரைப் பக்கத்துப் பெண் கூப்பிட்டிருந்தால் கணவராக இருக்கலாம். நங்கநல்லூர்ப் பையன் என்றால் பக்கத்து வீட்டுப் பெரியவர். கட்டட வேலைக்கு வந்த பீகார் இளைஞருக்கு அம்மாவின் தம்பி. கல்லூரி வாசலில் நிற்பவர்கள் கிசுகிசுத்தால் போலீஸ் வருகிறது என்று பொருள். இன்னொரு பொருளும் உண்டு. குடும்பப் பத்திரிகையில் அது வேண்டாம்.

சீனத்திலும் சுவாஹிலியிலும் மாமா என்றால் அம்மா. ஜார்ஜிய மொழியிலோ அப்பா! அங்கே அம்மா 'தேதா'. ஆஸ்திரேலியப் பாலைவனத்துப் பிச்சன்ஜாரா மக்களுக்கும் மாமா அப்பாதான். சிங்களத்தில் குறிலாக 'மம' என்றால் 'நான்'. நெடிலானால் நம்மூர் மாமாவே. பால் குடிக்கும் குழந்தை வாயெடுக்காமல் மூக்கால் முனகும் ஒலிதான் இந்த 'ம' என்று 1960இல் ஒரு மொழியியலாளர் எழுதினார். பொருள் கொடுத்ததெல்லாம் பெரியவர்கள்.

அதிகச் சுமையை ஏற்றியவர்கள் நாம். அம்மாவின் சகோதரர், அத்தையின் கணவர், மாமனார் மூவரும் நமக்கு மாமா. இந்திக்காரர்கள் மாமா, ஃபூஃபா, ஸசுர் என்று பிரித்துவிடுவார்கள். முறைப்பெண்ணைக் கட்டும் வீட்டில் மூன்றும் ஒரே ஆளாக இருக்க முடியும் என்பதால் நமக்கு ஒரு சொல் போதும். நிலாவைக்கூட விடவில்லை, 1947இல் சென்னையில் தொடங்கிய சிறுவர் இதழின் பெயர் 'அம்புலிமாமா'.

சொந்தத்தில் கல்யாணம் வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள். நியாயம்தான். என் கவலை வேறு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள். பெருங்களத்தூர், ஊரப்பாக்கம் அடுக்ககங்களில் 'ஒன்றே போதும்' என்பது சாதாரணப் பேச்சு. ஒற்றை மகளாகப் பிறந்தவளின் குழந்தைக்குத் தாய்மாமன் கிடையாது. அவள் கட்டியவரும் ஒற்றை மகன் என்றால் அத்தையும் இல்லை, அத்தை வீட்டுக்காரரும் இல்லை. கல்யாணமாகும்வரை அந்தக் குழந்தைக்கு மாமாவே கிடையாது! லிஃப்டில் வருகிறவரெல்லாம் அங்கிள். காதுகுத்துக்கு மண்டபம் கிடைக்கும், கேட்டரிங் கிடைக்கும். குழந்தையை உட்காரவைக்கத் தாய்மாமன் மடி? சீர்த்தட்டை யார் தூக்கி வருவார்?

அங்கிள் என்றாலும் மரியாதைதானே என்பார்கள். அங்கிள் சீர் கொண்டுவர மாட்டார்.

வீட்டில் காதுகுத்து வைத்திருப்பவர்கள் குழந்தையின் அம்மாவுடைய பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி பையன்களுக்கு இப்போதே போன் போடுங்கள். அவர்களும் முறைப்படி தாய்மாமன்கள்தான்.