அலை உடையாத இடம்

விஸ்காம் மாணவர்கள் கையில் ஒரு பாட்டும் வாடகைக் கேமராவும் கிடைத்துவிட்டால் அடுத்த கேள்வி, ‘எந்த பீச்?’ சென்னையில் பதில் பெரும்பாலும் பெசன்ட் நகர்தான். பஸ் இருக்கிறது, ஷ்மிட் மண்டபம் இருக்கிறது, வடக்கே கொஞ்சம் நடந்தால் அடையாறு முகத்துவாரத்தில் உடைந்த பாலம்.

நம் கிழக்குக் கரையில் சூரியன் கடலில் எழும், கடலில் விழாது. விடியற்காலையில் பாடுகிறவரைக் கடல் பக்கம் நிறுத்தினால் அழகான சில்லவுட் கிடைக்கும், முகம் கிடைக்காது. முகம் வேண்டுமானால் தெர்மாகோல் பிடிக்க ஆள் வேண்டும். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் வெயில் கரைப் பக்கமிருந்து வந்து முகத்தில் மஞ்சளாக விழும். எல்லோரும் கேட்பது அந்த நேரத்தைத்தான். அப்போது பாடுகிறவர் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். கேமராமேன் கண் மானிட்டரில், டைரக்டர் கண்ணும் மானிட்டரில். ஸ்லோமோஷன் என்றால் 48 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டுவார்கள். அதற்குப் பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட வேண்டும். அந்த அவசரத்துக்கு ஈடுகொடுத்து வாயசைக்கிறவருக்கு முழங்காலுக்குத் தண்ணீர் ஏறியதுகூடத் தெரியாது.

என் கவலை இங்கேதான். லொகேஷன் பார்க்கப் போகிறவர்கள், வெள்ளை நுரை வரிசையாக உடையும் கரையில், நுரையே இல்லாமல் கருநீலமாக அமைதியாகத் தெரியும் இடைவெளியைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஃபிரேம் சுத்தமாக இருக்குமாம். கடல் திரும்பிப் போகும் வழியே அதுதான். அலைகள் கரையில் கொட்டிய தண்ணீர், மணல்திட்டுகளுக்கு நடுவே பள்ளமான இடம் பார்த்து வெளியேறுகிறது. பள்ளம் என்பதால்தான் அங்கே அலை உடைவதில்லை. வேகம் சில நேரம் வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். நீச்சல் வீரராலும் அதை எதிர்த்து வர முடியாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். குப்பத்து மீனவர்களைக் கேளுங்கள். “அலை அடிக்கற எடத்துல தள்ளிக் கரையில போடும் தம்பி. அடிக்காத எடத்துலதான் இழுக்கும்” என்பார்கள்.

வடசென்னையில் கடலுக்குள் கற்களைக் கொட்டிப் போட்ட தூண்டில் வளைவுகளும் கேமராவுக்குப் பிடித்தவை. பார்வையை நேராக அடிவானத்துக்குக் கொண்டுபோகும். அந்தக் கற்களை ஒட்டியும் தண்ணீர் வெளியே இழுக்கும்.

ஷ்மிட் மண்டபம், 1930-இல் இதே கரையில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டேனிஷ் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவாக எழுப்பியது. அதைப் பின்னால் நிறுத்திக் காதல் பாட்டு எடுக்கிறோம். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். அவர்கள் படமெடுக்க வந்தவர்கள் அல்ல. ஆனால் தொலைதூரக் கடலில் கிளம்பி, இங்கே காற்றே இல்லாதபோதும் வந்து மோதும் ‘கள்ளக்கடல்’ அலைகளுக்கான எச்சரிக்கை அப்போது அமலில் இருந்தது. ஐதராபாத்தின் இன்காய்ஸ் மையம் இந்த எச்சரிக்கைகளை எவரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடுகிறது. முந்தின இரவு பேட்டரி சார்ஜ் போடும்போது பார்த்துவிடலாம்.

தண்ணீரில் இறங்காமல் எடுத்தால் பாட்டில் உயிர் இருக்காது என்கிற இளம் இயக்குநர்கள் உண்டு. ஈர மணலில் ஆளை நிறுத்தி, கேமராவை மணலிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்கிப் பாருங்கள். ஆளுக்கும் அலைக்கும் நடுவிலுள்ள மணல் மறைந்துவிடும். பின்னால் தள்ளிப்போய் 200 எம்எம் லென்ஸ் போட்டால், தூரத்தில் உடையும் அலை அவர் தோளுக்குப் பின்னால் எழும். கால் நனையாமலே நடுக்கடல் கிடைக்கும்.

லொகேஷன் பார்க்க, ஷூட்டிங் நடக்கப்போகும் அதே நேரத்தில் போங்கள். அரை மணி நேரம் கேமராவை வெளியே எடுக்காமல், நுரையும் குப்பையும் எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். ஷூட்டிங் அன்று கிளாப், பிளேபேக் என்று வேலை பிரிக்கும்போது ஒருவருக்குக் கடலைப் பார்ப்பது மட்டுமே வேலையாக இருக்கட்டும். ‘கட்’ சொல்லும் உரிமை டைரக்டரைப் போலவே அவருக்கும் வேண்டும்.