உரையும் நிரலும்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது கல்பாக்கம் அணுமின் நிலையம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது அதன் பம்ப் அறைக்குள் கடல்நீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த 2-ஆம் அலகு பத்திரமாக நிறுத்தப்பட்டது.

இத்தகைய இடத்துக்காகக் கடல்மட்டத்தைக் கண்காணிக்கும் கணிப்பொறி நிரல் ஒன்றை நாம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அது சரியாக வேலை செய்தால் மட்டும் போதுமா? பல ஆண்டுகள் கழித்து அதைத் திருத்த வருபவருக்கு, ஒவ்வொரு கட்டளையும் ஏன் எழுதப்பட்டது என்பது விளங்க வேண்டும் அல்லவா?

இதற்கு அமெரிக்க அறிஞர் டொனால்ட் நூத் 1984-இல் ஒரு வழி கூறினார். திருக்குறள் பதிப்பில் மூலமும் உரையும் சேர்ந்தே இருப்பதுபோல, நிரலையும் விளக்கத்தையும் ஒரே கோப்பில் எழுத வேண்டும் என்றார். அதிலிருந்து ஒரு கருவி கணிப்பொறிக்கான நிரலைப் பிரித்தெடுக்கும். இன்னொன்று மனிதர் படிக்கும் பக்கங்களை ஆக்கித் தரும்.

பின்னர் ஹாஸ்கெல் என்னும் கணிப்பொறி மொழியில் எளிய வழக்கம் ஒன்று வந்தது. '>' குறியுடன் தொடங்கும் வரி நிரல், மற்றதெல்லாம் விளக்கம். நம் கோப்பையும் அப்படியே எழுதுவோம்:

1. நீர் எல்லையைத் தாண்டினால் எச்சரிக்க வேண்டும்.
2. (வெற்று வரி)
3. > மட்டம் எல்லையைத் தாண்டினால் மணி அடி

1997-இல் வெளிவந்த டாக்ஸிஜன் போன்ற ஆவணக் கருவிகளிடம் இதை அப்படியே கொடுத்தால் குழப்பம்தான். அவை எல்லா வரியையும் நிரல் என்றே கொள்ளும். விளக்கத்துக்குத்தான் தனிக்குறி வேண்டும். ஆகவே இடையில் ஒரு 'வடிகட்டி' நிரல் தேவை. அது '>' குறியை நீக்கி அந்த இடத்தில் ஓர் இடைவெளி வைக்கும். விளக்க வரியின் முன் '///' சேர்க்கும்:

1. /// நீர் எல்லையைத் தாண்டினால் எச்சரிக்க வேண்டும்.
2. (வெற்று வரி)
3. மட்டம் எல்லையைத் தாண்டினால் மணி அடி

வரிகளை எண்ணிப் பாருங்கள். முன்பும் மூன்று, இப்போதும் மூன்று. விளக்கம் வேண்டாமென்று முதல் இரண்டு வரிகளை வெட்டியிருந்தால் மணி அடிக்கும் கட்டளை 1-ஆம் வரிக்கு ஏறியிருக்கும். பெரிய கோப்பில் '40-ஆம் வரியில் பிழை' என்று செய்தி வரும். உண்மையில் பிழை 120-ஆம் வரியில் இருக்கும். அவசர வேளையில் இந்தத் தடுமாற்றம் ஆபத்தானது.

எனவேதான் வடிகட்டி வரிகளைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று டாக்ஸிஜன் கையேடே எச்சரிக்கிறது. வேண்டாத வரியை நீக்காதீர்கள். அதை வெற்று வரியாக்குங்கள். அப்போது எந்த வரியும் தன் இடத்திலேயே நிற்கும்.