விவசாயக் கல்லூரியின் வருஷக் கணக்கு

ஒரு விவசாயக் கல்லூரி வருஷந்தோறும் வெளியிடும் முன்னேற்ற அறிக்கையைப் புரட்டுகிறவருக்கு, வெளியிட்ட ரகங்கள் இத்தனை, பட்டம் பெற்ற மாணவர்கள் இத்தனை, நடத்திய பயிற்சிகள் இத்தனை என்று எண்களே வரிசையாகக் கண்ணில் படும். அந்த எண்கள் பொய்யல்ல. ஆயினும் மண்ணையும் பயிரையும் விஷயமாகக் கொண்ட ஒரு ஸ்தாபனத்தின் உழைப்பைப் பன்னிரண்டு மாதத்துக்குள் அடக்கிப் பார்க்க இயலாது என்பதையும், இந்த வருஷம் வெளிவந்ததாக அச்சிடப்படும் ரகம் பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பே எங்கோ ஓர் ஆராய்ச்சி வயலில் கருக்கொண்டது என்பதையும் மனத்தில் வைத்துப் படித்தால்தான் அறிக்கை நமக்குப் பிரயோஜனப்படும். கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியின் சரித்திரமே இதற்குத் தக்க சான்று.

1868-இல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1906-இல் கோவைக்கு இடம் மாறி, 1920-இல் சென்னைச் சர்வகலாசாலையோடு இணைக்கப்பெற்ற அந்தக் கல்லூரி, வெகுகாலம் தென்னிந்தியா முழுமைக்கும் விவசாயக் கல்வி அளித்த ஒரே ஸ்தாபனமாக விளங்கியது. விவசாய விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் பயின்றது இங்கேதான். 1965-இல் மதுரையிலும் ஒரு கல்லூரி ஏற்பட, இவ்விரண்டையும் மூலமாகக் கொண்டு 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று.

கோவைக்கு வந்த சில வருஷங்களிலேயே, 1909-இல், அங்கே ஒரு பரீட்சை ஆரம்பமாயிற்று. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1843 முதல் நடந்துவரும் பரீட்சையைப் பின்பற்றி, ஒரு நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, ஒன்றுக்குத் தொழுவுரம், ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்குத் தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துக்களும், ஒன்றுக்கு எந்த உரமுமே இல்லை என்று விதித்து, அந்த விதியை மாற்றாமல் அதே பாத்திகளில் தொடர்ந்து பயிரிட்டு வருகிறார்கள். நூறாண்டுக்கு மேலாகியும் பரீட்சை நிற்கவில்லை. ஓர் உரத்தின் பலன் ஒரு போகத்தில் தெரிந்துவிடும். ஆனால் தழைச்சத்தை மட்டுமே இட்டுவந்த மண் மற்றச் சத்துக்களை இழந்து எப்படிச் சோர்கிறது, தொழுவுரம் உண்ட மண் அங்ககக் கரிமத்தை எப்படித் தேக்கிவைக்கிறது என்பவையெல்லாம் ஒரு தலைமுறை பொறுத்திருந்து பார்த்தாலன்றித் தெரியாத விஷயங்கள். ஆரம்பித்தவர்கள் யாரும் இன்றில்லை. அவர்கள் இட்ட வரப்புகளுக்குள்ளிருந்து இன்றும் மண் எடுத்துச் சோதிக்கிறார்கள். ஒரு கல்லூரிக்கு இதைக் காட்டிலும் பெரிய சொத்து வேறு இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வருஷ அறிக்கையில் இதற்குக் கிடைக்கக்கூடிய இடம் ஒரு வரிதான். ஏனெனில் இதில் இந்த வருஷம் புதிதாக எதுவும் நடப்பதில்லை.

புதிய நெல் ரகம் பிறக்கும் விதத்தையும் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். நெற்பூ தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே இரண்டு ரகங்களைக் கலக்க விரும்புகிறவர், பூ விரிவதற்கு முன்பே உமியின் நுனியைச் சிறு கத்திரியால் சாய்வாக நறுக்கி, உள்ளிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் ஒன்றுகூட விடாமல் எடுத்துவிட்டு, கதிரைக் காகித உறையால் மூடிவைக்கிறார். மறுநாள் காலை வெயில் ஏறி மற்றொரு ரகத்தின் பூக்கள் விரியும் வேளையில் அதன் மகரந்தத்தை இதன்மேல் உதிர்க்கிறார். இதிலிருந்து கிடைக்கும் சில மணிகளே மூலதனம். அடுத்த தலைமுறைகளில் ஆயிரக்கணக்கான செடிகள் முளைத்து, ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று முந்தி, ஒன்று பிந்தி என்று பலவாகப் பிரியும். அவற்றிலிருந்து பொறுக்கியெடுத்து, ஆறேழு தலைமுறைகள் விதைத்து விதைத்து நிலைபெறச் செய்து, முதலில் ஆராய்ச்சி நிலையத்திலும், பிறகு பல ஊர் நிலையங்களிலும், கடைசியாக விவசாயிகளின் சொந்த வயல்களிலும் சோதித்துப் பார்த்த பின்னரே வெளியீட்டுக் குழுவின் முன் வைக்கிறார்கள். வழியில் தள்ளப்பட்ட செடிகளுக்குக் கணக்கில்லை.

இப்படித் தேடிப் பொறுக்கும் சிரமம் வீண்போவதில்லை என்பதற்குப் பழைய சாட்சி 1921-இல் வெளிவந்த ஜி.இ.பி. 24. கோணமணி என்ற நாட்டு நெல்லில் தானாகத் தோன்றிய ஒரு மாறுதலைக் கண்டுபிடித்துப் பிரித்தெடுத்த ரகம் அது. இக்காலச் சாட்சி சி.ஆர். 1009 சப் 1. பொன்மணி என்று காவிரிப் பாசனப் பகுதி விவசாயிகள் அழைக்கும் சி.ஆர். 1009 சம்பாப் பருவத்துக்கு ஏற்ற நெல். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் வயல் மூழ்கிவிட்டால் அது அழுகிப்போகும். மூழ்கிய சாதாரண நெற்பயிர் தண்ணீருக்கு மேலே தலைநீட்டும் முயற்சியில் தன்னிடமுள்ள மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து ஓய்ந்துவிடுகிறது. ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற நாட்டு ரகமோ அப்படிச் செய்யாமல், வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமித்து, வெள்ளம் வடிந்தபின் மறுபடி துளிர்க்கிறது. அந்த ஒரு குணத்தை மட்டும் பொன்மணிக்குள் கொண்டுவந்து, மற்ற எல்லாவற்றிலும் அது பழைய பொன்மணியாகவே இருக்கும்படி திரும்பத் திரும்பத் தாய் ரகத்தோடேயே கலந்து இந்த ரகத்தை உருவாக்கினார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் நீருக்குள் கிடந்தாலும் பிழைத்துவிடும் பயிர் என்றால், கடன்பட்டு நட்டவனுக்கு அதன் மதிப்பு எத்தகையது என்று சொல்லவேண்டியதில்லை.

வெளியீட்டு விழாவோடு கல்லூரியின் வேலை முடிந்துவிடுவதில்லை. மஞ்சள் அட்டை கட்டிய வல்லுநர் விதை, வெள்ளை அட்டை கட்டிய ஆதார விதையாகப் பெருகி, அதுவும் பெருகி நீல அட்டை கட்டிய சான்று விதையாக மூட்டையில் ஏறியபின்தான் விவசாயியின் கைக்கு வரும். இதற்கே சில பருவங்கள் கழிந்துவிடும். விதையோடு அதை வளர்க்கும் முறையையும் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் கிருஷி விஞ்ஞான கேந்திரங்கள் தோன்றின. தேசத்தின் முதல் கேந்திரம் 1974-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் ஏற்பட்டது. இறுதியாண்டு மாணவர்கள் சில மாதம் கிராமத்தில் தங்கி விவசாயியோடு வயலில் இறங்கிப் பழகும் ஏற்பாடும் இருக்கிறது. நான்கு வருஷப் படிப்பில் மிகவும் பயனுள்ள பகுதி இதுவே என்பது என் அபிப்பிராயம்.

எதிர்காலத் திட்டங்கள் என்று வரும்போது ட்ரோன், நடவு இயந்திரம் ஆகியவை முன்னால் வந்து நிற்கின்றன. ஆள் கிடைக்காமல் நடவு தவறும் இந்நாளில் அவை அவசியமே, ஆட்சேபம் இல்லை. ஆனால் நெல் பூக்கும் வேளையில் உஷ்ணம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் செயலற்றுப் பதர் மிகுதியாகும் என்ற சங்கடத்துக்கு இயந்திரம் பதிலாகாது. வெப்பம் தாங்கும் ரகத்துக்காக இன்று ரகங்களைக் கலந்தால்தான் பத்து வருஷங்கழித்து விதை கிடைக்கும். திருவண்ணாமலை மாவட்டத்து அத்தியந்தலில் சாமைக்கும் தினைக்குமாக நடைபெறும் ஆராய்ச்சியும் இப்படிப் பொறுமையைக் கேட்கும் வேலைதான். ஆகவே எந்த விவசாயக் கல்லூரியின் திட்டத்திலும், பலன் காட்டுவதற்கு வெகுகாலம் பிடிக்கும் வேலைகளுக்கென்று, நடுவில் நிறுத்த முடியாதபடி பணம் ஒதுக்கியிருக்கிறதா என்பதையே நான் முதலில் தேடுவேன்.

அறிக்கையில் இன்னொரு பக்கமும் வேண்டும். ஐந்து வருஷங்களுக்கு முன் வெளியிட்ட ரகங்கள் ஒவ்வொன்றும் இன்று எத்தனை ஏக்கரில் நிற்கிறது, எவை விவசாயியால் கைவிடப்பட்டன, என்ன காரணத்தால் என்பதை அந்தப் பக்கம் சொல்லவேண்டும். எந்த ரகத்தில் எவ்வளவு சான்று விதை விநியோகமாயிற்று என்ற கணக்கு விதைச் சான்று அலுவலகத்திலும் வட்டார விரிவாக்க மையங்களிலும் இருக்கிறது; கைவிட்ட காரணத்தை, கிராமத்தில் தங்கும் மாணவர்களே வீடுவீடாகக் கேட்டு எழுதிவரலாம். அடுத்த வருஷ அறிக்கையிலிருந்தே இதைத் தொடங்கத் தடையொன்றும் இல்லை.